கணினியில் ஏறாத கேரம்

மச்சான் சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். காரைக்குடியில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு சென்னைக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் மிஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். ஒரு தடவை விட்டால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு தடவை விட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் மனைவி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏண்ணே போகல?”

“சலிச்சுப் போச்சுத்தா. மேல பாத்துக்கிட்டே கெடக்கணும். சீலிங்ல நாப்பத்தெட்டுச் சதுரம் இருக்கு. இனிமே எண்ணுறதுக்கு ஒண்ணுமில்ல.”

“டிவி இருக்குன்னீகளே.”

“இருக்கு. பக்கத்துப் படுக்கைக்காரரு தலை மறைக்குது. பெரிய தலை.”

“செவ்வாக்கிழமை போயிருவீகல்ல?”

“பாப்போம்.”

மச்சான் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். என் மனைவிக்கும் தெரியும். போனை என் பக்கம் நீட்டினாள்.

எனக்குப் பேச்சு வராது. நான் தச்சு வேலைக்காரன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அவரும் நானும் முப்பது வருஷம் சாயங்காலமானால் மன்றத்தில் கேரம் ஆடினோம். அவர் ஊரைவிட்டுப் போனபின் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன மாதம் அவர் மகன் லேப்டாப்பில் ஒரு கேரம் போட்டுக் கொடுத்திருந்தான். இரண்டு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடலாமாம். அப்போதே கூப்பிட்டார். நான் பிடி கொடுக்கவில்லை.

“மச்சான், கேரம் ஆடுவமா?” என்றேன்.

“எப்ப?”

“நீங்க படுத்திருக்கிற நாலு மணி நேரமும்.”

மச்சான் சிரித்தார்.

“உங்ககிட்ட இருக்கிறது பாப்பா கல்யாணமாகிப் போறப்ப விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்புப் பெட்டி. அதுல ஏறுமா மாப்பிள்ளை?”

“போன்ல ஆடலாமே.”

“ஒரு கையில ஊசி. இன்னொரு கையில போனைப் புடிச்சா எதால அடிக்கிறது, மூக்காலயா? எனக்கு லேப்டாப்பும் மவுசும்தான் தோது. அந்த ஆட்டம் போன்ல வராதாம்.”

“ஏத்திருவேன்.”

“சரி. செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு நீங்க அதுல இருந்தா நான் போறேன். இல்லைன்னா என்னைய விட்டுருங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தேன். மச்சான் மகன் வேலையாக வெளியூர் போகிற வழியில் போனுக்கு ஒரு முகவரி அனுப்பியிருந்தான். ‘மாமா, இதை அமுக்குங்க, எல்லாம் தானா வரும்’ என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு லைன் கிடைக்கவில்லை.

தானாக வரவில்லை. என் போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து இறக்கினேன். பாதியில் நின்றது. அன்றைக்கு உள்ள நெட் தீர்ந்துவிட்டது. மனைவி போனில் மிச்சம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்து மறுபடி முதலில் இருந்து இறக்கினேன். முக்காலில் நின்றது. இடம் இல்லை என்றது. இடம் எனக்குத் தெரிந்த கணக்கு. ஐந்தடிக் கட்டிலை நாலரை அடிச் சந்தில் போட முடியாது. எதையாவது எடுக்க வேண்டும்.

எடுக்க இருந்தது மகளின் கல்யாண வீடியோ ஒன்றுதான். பெட்டியில் பாதி அதுதான்.

“தொடாதீக,” என்றாள் மனைவி.

“பென் டிரைவ்ல இன்னொண்ணு இருக்குல்ல.”

“இருக்கு. ஆனா ஓடுதான்னு பாத்தீகளா?”

“ஓடும்.”

“பாத்துட்டு அழிங்க.”

பென் டிரைவைச் செருகி ஓடவிட்டோம். அவள் வேகமாகத் தள்ளிவிட்டுப் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் போய்க் கெட்டிருந்தால் என்ன செய்வது என்றாள். நியாயம்தான். மூன்று மணி நேரம் பார்த்தோம். பந்தியில் மச்சான் பாயச வாளியோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி. வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தவருக்கு விரல் சந்துக்குள் ஊற்றினார். அவருக்கு அப்போது எண்பது கிலோ இருக்கும். வீடியோ கடைசி வரை ஓடியது. பிறகு மனைவியே எழுந்துபோய்க் காப்பி போட்டாள். நான் லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன்.

ஆட்டம் முழுசாக இறங்கியது. இரண்டு தட்டுத் தட்டினேன். திரை நீலமாகி ஏதோ சொன்னது. கீழே ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் மூடிக்கொண்டது. நாலு தடவை மூடியது. ஐந்தாவது தடவை மேலே சின்னதாக, அடியில் கோடு போட்ட எழுத்து இருப்பதைப் பார்த்தேன். அதை அமுக்கியதும் இன்னொரு பொத்தான் வந்தது. அமுக்கினேன். உள்ளே விட்டது.

உள்ளே விட்டு, உடனே ஒரு சின்னப் பெட்டி வந்தது. இங்கிலீஷில் மூன்று வரி. சரி என்று அமுக்கினால் எல்லாம் போய்விடும். மறுபடி தட்டினால் மறுபடி அதே மூன்று வரி. மணி நாலரை ஆகப்போகிறது, ராகு காலம், மூடிவையுங்கள் என்றாள் மனைவி. மூடினேன்.

திங்கட்கிழமை ஊரில் மின்சாரப் பராமரிப்பு. காலை ஒன்பதில் இருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. கம்ப்யூட்டர் கடைகள் பூட்டு. லேப்டாப்பைச் சாமான் பைக்குள் உளிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் துண்டில் சுற்றி வைத்தேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் அலமாரி வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே கரண்ட் இருந்தது.

அந்த வீட்டில் என்னோடு ஒரு பெயிண்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடைகளுக்கு போர்டும் எழுதுவார். பலகை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்ததும் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்.

“என்னண்ணே, ஆசாரி வேலைய விட்டுட்டு ஐ.டி. வேலைக்குப் போறீகளா?”

“இத வாசிக்கத் தெரியுமா?”

குனிந்து பார்த்தார். “எழுத்தெல்லாம் தெரியும். யு, என், ஏ, பி, எல், இ. பன்னெண்டு வருசமா எழுதுறேன். அர்த்தம்தான் தெரியாது. எழுதச் சொன்னதை எழுதிட்டு வந்துருவேன்.”

“சரி, அப்படியே எழுதிக் குடு.”

ஒரு பிளைவுட் துண்டை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டு எழுதினார். போர்டுக்காரர் கை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். நடுவில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதைக் கொஞ்சம் வளைத்து அழகாகவே போட்டார்.

“மெசின் நம்மகிட்ட என்னமோ கேள்வி கேக்குதுண்ணே. நீங்கதான் பதில் சொல்லாம உக்காந்திருக்கீக.”

நான் அவரிடம் மச்சானைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு கீல்கூட நேராக மாட்டவில்லை. மூன்றைக் கழற்றி மாட்டினேன். அவர் பார்த்தார். அதன் பிறகு கேலி பண்ணவில்லை. மத்தியானம் அவர் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

“ஏறுச்சா?”

“ஏறிக்கிட்டிருக்கு.”

“அப்ப ஏறல.”

“நாளைக்கிக் காலைல ஏறிரும். நீங்க கெளம்பி இருங்க.”

“கால்ல செருப்பு நுழைய மாட்டேங்குது மாப்பிள்ளை,” என்றார். பிறகு மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கே கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றோம். மனைவியும் வந்தாள். பிளைவுட் துண்டு என் கக்கத்தில். கடையை ஒரு பெண் நடத்துகிறது. முப்பது வயசு இருக்கும். பத்து மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்கியது.

“என்னண்ணே, பலகையக் கொண்டாந்திருக்கீக?”

“லேப்டாப்புல வந்தது. அதுல சார்ஜ் நிக்காது. இதுல எழுதியிருக்கு.”

அது சிரிக்காமல் வாங்கிப் படித்தது. லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு மறுபடி படித்தது.

“இந்தக் கேள்விக்குறி எழுதுனவரு போட்டதா, அதுலயே இருந்ததா?”

“அதுலயே இருந்துச்சு.”

“அந்த எடத்துல உங்க பேரு இருக்கணும். பேரு என்ன குடுத்திருக்கீக?”

நான் சொல்லத் தயங்கினேன். மனைவி சொல்லிவிட்டாள்.

“இவுக பேரு குடுக்கல. உ போட்டிருக்காக.”

நடந்தது இதுதான். போன வருஷம் லேப்டாப் படுத்துவிட்டது. திருப்பத்தூரில் ஒரு கடையில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் போய்த் திறந்தால் பெயர் கேட்கும், போடுங்கள் என்றார்கள். நான் எதை எழுதினாலும், சாமான் பட்டியலோ அளவுச் சீட்டோ, மேலே நடுவில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு அடுத்த வரியில்தான் ஆரம்பிப்பேன். அதற்கும் அப்படியே செய்தேன். உ தட்டினேன். அடுத்த வரிக்குப் போக எண்டரை அமுக்கினேன். அடுத்த வரி வரவில்லை. திரை மாறிவிட்டது. அன்றில் இருந்து திறக்கும்போதெல்லாம் நடுவில் பெரிதாக உ வரும். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் இப்போதுதான் சிரித்தது.

“உங்க பேருல அதுக்குள்ள ஒரு அறை இருக்குண்ணே. ஆட்டம் மொதல்ல அந்த அறைக்குள்ள வந்து சாமானை எறக்கி வச்சுத்தான் வேலைய ஆரம்பிக்கும். இந்த ஆட்டத்துக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். உ-வப் பாத்து என்னன்னு தெரியாமக் கேள்விக்குறி போட்டிருக்கு. கேள்விக்குறின்னு ஒரு அறை அங்க இல்ல. வாசலோட திரும்பிருது.”

“என்ன செய்யணும்?”

“பேரு மாத்துனா பத்தாது. அறை பேரு பழசாத்தான் நிக்கும். இங்கிலீஷ்ல புதுப் பேரு ஒண்ணு போட்டு அதுக்குள்ள ஏத்தணும். பழசு வேணாம்னா எடுத்துரலாம்.”

மனைவி என் கையைப் பிடித்தாள்.

“பிள்ளையார எடுக்கப் போறீகளா? அண்ணன் இப்படிக் கெடக்கையில?”

அது எனக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் ஒன்றுமில்லை. மச்சான் இரண்டு காலும் வீங்கி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாளில், அதுவும் என் கையால், எழுத்தை அழித்துவிட்டு ஆரம்பிப்பது எப்படி. அழிக்காவிட்டால் ஆட்டம் ஏறாது. மணி பத்து இருபது.

கடைக்காரப் பெண் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.

“அக்கா, எடுக்கவே வேணாம். அவரு பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல இன்னொரு அறை கட்டிக்குவோம். தொறந்தா ரெண்டும் தெரியும். மொதல்ல அவரு, அப்புறம் இவுக.”

மனைவி யோசித்தாள்.

“மொதல்ல அவரு தெரிவாராத்தா?”

“தெரிவாரு.”

“அப்பச் சரி.”

பேர் என்ன போட என்று கேட்டது. என் பேரைச் சொன்னேன். பேர் நீளம், எழுத்துக்கூட்ட நேரமாகும், சுருக்கமாக ஏதாவது சொல்லுங்கள் என்றது. மனைவி, “மாப்பிள்ளைன்னு போடு. அண்ணன் அப்படித்தான் கூப்புடும்,” என்றாள். இங்கிலீஷில் அதுவும் நீளமாகத்தான் இருந்தது. போட்டது.

மறுபடி தட்டியது. சின்னப் பெட்டி வரவில்லை. பச்சைக் கோடு ஒன்று இடது பக்கத்தில் இருந்து வளர்ந்தது. பாதி வந்தது. முழுசும் வந்தது. ஆட்டத்தைத் திறந்தது. வேறு ஒரு பெட்டி வந்தது.

“என்ன?” என்றேன்.

“ஒரு கோப்பு கொறையுதாம். பழைய லேப்டாப்புல இப்படித்தாண்ணே. பயப்படாதீக. ஆணி வாங்காம அலமாரி அடிக்க வந்த மாதிரி.”

அந்தக் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும் என்றது. இறக்கியது. அதை ஏற்றியது. அணைத்துப் போட வேண்டும் என்றது. அணைத்துப் போட்டது. அது திறந்து வருவதற்குள் நான் கடை வாசலுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். மனைவி உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை. உ வந்தது. அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்தது.

ஆட்டம் திறந்தபோது மணி பத்து ஐம்பது. மச்சானின் எண்ணை என் போனில் இருந்து பார்த்துப் போட்டோம். அவர் பேர் வந்தது. பேருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் புள்ளி.

“சாம்பல்னா?”

“அவுக இன்னும் வரல.”

பதினோரு மணி ஆயிற்று. சாம்பல்தான். பதினொன்று பத்து. மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து நின்றது. கடைக்காரப் பெண் எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை மூலையில் போட்டுக் கொடுத்தது. ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்து வந்து போனார்கள். பதினொன்று முப்பது. மறுபடி போன். எடுக்கவில்லை. நான் திரையைவிட்டு வேறு எதையும் பார்க்கவில்லை. மரம் அறுக்கும்போது கோட்டை மட்டும் பார்ப்பதுபோல.

பதினொன்று ஐம்பதுக்குப் புள்ளி பச்சையானது. போர்டு வந்தது. நடுவில் காய் அடுக்கி, சிவப்பு உட்கார்ந்திருந்தது. கூடவே போன் அடித்தது.

“என்ன மாப்பிள்ளை, மெதுவாத்தான் ஏறுமோ?”

“எங்க இருக்கீக?”

“சீலிங்குக்குக் கீழ. இப்பத்தான் குத்துனாக. காதுல வயர் மாட்டிக்கிட்டுப் பேசுறேன்.”

“பதினோரு மணின்னீகளே.”

“பத்து அம்பது வரைக்கும் வீட்டுல லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்க பேரு வந்துச்சு. வந்த நொடியே அதை மூடிக் கையில எடுத்துக்கிட்டேன். அப்புறம்தான் கட்டிலவிட்டு எந்திரிச்சேன். லேட்டா வந்ததுக்கு அந்த நர்சம்மா ஏசுன ஏச்ச நீங்கதான் வாங்கிக்கணும்.”

மனைவி போனை என் கையில் இருந்து வாங்கி, “வெறுஞ்சோறாவது தின்னுட்டுப் போனீகளாண்ணே?” என்றாள். தின்றேன் என்றார். போனைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றாள்.

முதல் அடி நான் அடித்தேன். மவுசை இழுத்து விட வேண்டும். விரலில் அடிக்கிற கைக்கு அது பிடிபடவில்லை. ஸ்ட்ரைக்கர் நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

“முப்பது வருசத்துல ஒண்ணும் மாறல,” என்றார் மச்சான்.

அன்றைக்கு ஒன்பது போர்டு ஆடினோம். எட்டு அவர். கடைக்காரப் பெண் மூன்று மணிக்கு மேல் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி பதினோரு மணிக்கு மேல் நாலு மணி நேரம் நான் வேலைக்குப் போவதில்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் செய்கிறேன். வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை. மச்சான் அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. குணமாகாது. அது தெரியும். கால் வீக்கம் வடிந்தது.

சில நாள் ஆட்டத்தின் நடுவில் அவர் தூங்கிவிடுகிறார். ரத்தம் போய் வருவதில் உடம்பு அசந்துவிடும் என்கிறார்கள். அவர் முறையில் ஸ்ட்ரைக்கர் அப்படியே நிற்கும். இந்த ஆட்டத்தில் முப்பது விநாடி அடிக்காவிட்டால் முறை மற்றவருக்குப் போய்விடும். என் பக்கம் வரும். எனக்கு நேராகக் காய் இருக்கும். நான் தொடுவதில்லை. முப்பது விநாடி கழித்து அவர் பக்கம் போகும். அங்கே நின்றுவிட்டு என் பக்கம் வரும். இப்படி அரை மணி நேரம்கூடப் போயிருக்கிறது. போனில் அவர் மூச்சுச் சத்தம் கேட்கும். மிஷின் சத்தமும் கேட்கும். மனைவி அந்தப் பக்கமாக வந்தால், தூங்குறாகளா என்று சைகையில் கேட்பாள். ஆமாம் என்று தலையாட்டுவேன். 

முழித்ததும் முறை யாருடையது என்று பார்ப்பார். பாதி நேரம் என்னுடையதாக இருக்கும்.

“என்ன மாப்பிள்ளை,” என்பார். “தூங்கிட்டீகளா?”